பொருந்தாத கையொப்பம்

ஆற்று மணல் கொள்ளையைப் பற்றித் தன் இணையதளத்தில் எழுதிவந்த வியாகுலம் ஆடி மாதம் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. கார்த்திகையில் ஒருநாள் அவர் பெயரில் புதுக் கட்டுரை வந்தது. ‘உயிரோடுதான் இருக்கிறேன். எனக்குத் தகவல் தந்தவர்கள் தங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் இங்கே பதியுங்கள்’ என்றிருந்தது. அவர் மனைவி ரெஜினா அழுதுகொண்டே அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகுதான், தளத்தை நடத்த அவருக்கு உதவிய நண்பன் ஸ்டீபனைக் கூப்பிட்டாள்.

வியாகுலம் எதை எழுதினாலும் அடியில் மின்கையொப்பம் இடுவார். அதற்கான, கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது. ஆனால் கையொப்பம் அவருடையதுதானா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஸ்டீபன் சோதித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னான்.

“பொருந்தல மதினி. தள முகவரியிலயும் ஒரு எழுத்து கூடுதலா இருக்கு, இது நம்ம தளமே இல்ல. அண்ணனுக்குத் தகவல் குடுத்தவங்களப் பிடிக்க யாரோ விரிச்ச வலை.”

“இன்னொரு தடவ பாருங்க தம்பி. அவசரத்துல தப்பாப் போட்டிருப்பாவ.”

அவன் மறுபடியும் பார்த்தான். பொருந்தவில்லை.

“ஆளுங்க பேரக் குடுக்கதுக்கு முன்னால நம்ம தளத்துல எச்சரிக்கை போடணும். நான் எழுதட்டுமா?”

“வேண்டாம்” என்று ரெஜினா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை மாதமும் கேட்டவர்களிடமெல்லாம் அவர் வந்துவிடுவார் என்றே சொல்லிவந்தவள் அவள். ‘இதை எழுதியவர் என் கணவர் இல்லை. யாரும் பதிய வேண்டாம்’ என்று தட்டினாள். பிறகு, ‘அவர் இனி எழுதமாட்டார்’ என்று அடுத்த வரியையும் அவளே சேர்த்தாள்.