காற்றைக் குடிக்கும் படகு

“ரேஸ் குடுத்தா கத்துது. ஆனா நகர மாட்டேங்குதும்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள இது ஓடியாகணும்” என்றார் காசிநாதன்.

மலர்கொடி படகைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். போர் மோட்டார் ரிப்பேர் என்றால் ஜெயங்கொண்டத்தில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். படகு அவளுக்குப் புதிது.

படகு நின்றது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பெரிய பள்ளத்தில். தண்ணீர் நிறைந்து ஏரியாகவே கிடந்தது. காசிநாதன் அதைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தார். தீனி போடுவதற்காக, எங்கோ ஓர் அணையில் ஓடி ஓய்ந்த இந்த ஜெட் படகை வாங்கிப் போட்டிருந்தார். மற்றப் படகுகள் போல இதற்கு வெளியே சுற்றும் காற்றாடி கிடையாது. அடியில் இருக்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த வேகத்தில் படகு போகும். அதனால் மீன் வலைகளில் மாட்டிக்கொள்ளாது.

“பம்புதானே? நம்ம மோட்டாருக்கு இது பங்காளி, பாத்துக்கலாம். அதென்னண்ணே பத்து மணி கணக்கு? மந்திரி யாரும் வர்றாங்களா?”

“மந்திரி வந்தா நான் ஏன் பயப்படப் போறேன்? எம் பொண்டாட்டி வர்றா, புஷ்பவல்லி.”

“அக்கா ஊர்ல இல்லீங்களா?”

“கோவிச்சுக்கிட்டு பாடாலூருக்குப் போயிட்டா, தம்பி வூட்டுக்கு. அஞ்சு மாசமாச்சு. போன் போட்டா எடுக்கறதில்ல. நாளைக்கு வந்து துணிமணிய எடுத்துக்கிட்டு மொத்தமா போறாளாம், தம்பிக்காரன் சொல்றான்.” “அவளுக்கு இந்தப் படகுன்னா உசுரும்மா. மூஞ்சியில தண்ணி தெறிச்சா சின்னப்புள்ளையாட்டம் கத்துவா. ‘ஒரே ஒரு ரவுண்டு வா புள்ள’ன்னு கூப்புட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். ஏறிட்டான்னா எறங்க மாட்டா. ஓடாத படகுக்கு எப்படிக் கூப்புடறது?”

சொல்லிவிட்டு பாடாலூர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையில் இரண்டு பித்தான்களைக் காணோம். மலர்கொடிக்குப் பாவமாக இருந்தது.

“தள்ளுங்க, பாத்துருவோம்” என்று படகைக் கரையேற்றச் சொல்லி, அடியில் புகுந்து படுத்தாள்.

பம்பு வாயில் இருந்த சல்லடையில் கொஞ்சம் பாசி. வழித்துப் போட்டாள். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் இலைகளை விரலால் தடவினாள், தேயவில்லை. சுற்றி இருக்கும் வளையமும் சரி. இஞ்சினில் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அதிலும் குற்றமில்லை. காசிநாதன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, தொடுகிற ஒவ்வொன்றுக்கும் “அதுதானா? அதுதானா?” என்று கேட்டு உயிரை வாங்கினார்.

“தண்ணில எறக்கி எடுங்கண்ணே. நான் கரையிலேர்ந்து சத்தத்தக் கேக்கறேன்.”

அவர் ஏறி ரேஸ் கொடுத்தார். மிக்ஸியில் ஜல்லியைப் போட்டது மாதிரி கரகரவென்று சத்தம். இஞ்சின் என்னமோ தொண்டை கிழியக் கத்தியது. படகு தண்ணீரில் படுத்த எருமையாக அசைந்து கொடுத்தது, அவ்வளவுதான்.

“ஏர் வாங்குதுங்க! தண்ணியோட காத்தும் உள்ள போவுது. காத்தச் சுத்தி என்னத்தத் தள்ளும் அது? எந்த வழியா போவுதுன்னுதான் புடிபடல. இருங்க, கிட்ட உக்காந்து கேக்கறேன்.”

மலர்கொடி ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்து, பம்பு மூடியில் காதை வைத்தாள். “இப்ப குடுங்க!”

படகு சீறிக்கொண்டு கிளம்பியது. இரண்டு பக்கமும் தண்ணீர் சிறகாக விரிந்தது. அக்கரைப் பாறை கண்மூடித் திறப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டது.

“ஓடுது! அடி ஆத்தி, ஓடுதும்மா!” காசிநாதன் பள்ளமே அதிரக் கத்தினார். அவர் கண்ணில் வழிந்தது தெறித்த தண்ணீர் மட்டுமில்லை. “நாளைக்கு அவ போவ மாட்டா பாரு! போவவே மாட்டா!”

மூன்று சுற்று சுற்றிக் கரைக்கு வந்தார்கள். மலர்கொடி இறங்கினாள். “எதுக்கும் தனியா ஒருவாட்டி எடுத்துப் பாத்துருங்க.”

தனியாக எடுத்தார். மறுபடியும் அதே கரகர. அதே எருமை.

“எழவெடுத்த படகு!” ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினார். “என்னைப் பழி வாங்குதும்மா இது!”

மலர்கொடி படகையே உற்றுப் பார்த்தவள், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “அட கொடுமையே! மெஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணே. நீங்க மட்டும் முன்னால உக்காந்தா பின்பக்கம் தூக்கிக்குது. பம்பு வாய் மேல வந்து காத்தக் குடிக்குது. பின்னால ஒரு ஆள் கனம் இருந்தா வாய் முங்கிக்குது, படகு பறக்குது. அம்பது கிலோ மணல் மூட்டை ஒண்ணு போடுங்க, போதும்.”

காசிநாதன் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“முந்தி நல்லாத்தானே ஓடுச்சு? அப்ப பின்னால என்னங்க வச்சிருந்தீங்க?”

அவர் மெல்லத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார்.

“புஷ்பவல்லி உக்காந்திருப்பா, தீனி எறைக்க. ‘சும்மா குந்திக்கிட்டு வர்ற வெட்டிக் கனம் நீ, ஒன்னாலதான் படகு இன்னும் வேகமா போவ மாட்டேங்குது, எறங்குடி’ன்னு அஞ்சு மாசம் முன்னால நான்தாம்மா அவள எறக்கிவுட்டேன்.”