மூன்று காலி இடங்கள்

பீடோர் டாக்ஸி ஸ்டாண்டில் அன்றைக்கு அரைநாளின் விலை ஒன்பது வெள்ளி.

ஈப்போவுக்கு ஆளுக்கு மூன்று வெள்ளி. நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். அவசரக்காரன் காலி இடங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் உடனே எடுப்பார்கள். மீனுக்குப் பேரம் உண்டு, கொய்யாவுக்குப் பேரம் உண்டு. இதற்கு மட்டும் கிடையாது.

அர்ச்சுனனிடம் இருந்தது ஐந்து வெள்ளி. மடியில் காய்ச்சலில் சுருண்ட மகள் பவுனு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருந்தார் தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர். மனைவி இருளாயி கைக்குழந்தையோடு லயத்து வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

"எடுங்கண்ணே, பிள்ளைக்கு ரொம்ப முடியல."

"மடிப்பிள்ளைக்குக் காசு வேணாம் மச்சான். ஆனா இன்னும் மூணு பேரு வேணும்லா. காத்தையா ஏத்திக்கிட்டுப் போவேன்?" என்றான் டிரைவர் ஆம்புரோஸ்.

கெட்டவனில்லை. வண்டி முதலாளி தவுக்கேயுடையது. காற்றை ஏற்றினாலும் தவுக்கேக்கு வாடகை வந்தாக வேண்டும்.

வாத்துக் கூடையோடு ஒரு சீனர் வந்தார். வெகுநேரம் கழித்து, கல்யாண வீட்டுக்குப் போகிற ஒரு மலாய்க்கார அம்மாள். நாலாவது ஆள் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

சாயங்காலம் ஈப்போ ஸ்டாண்டில் ஆம்புரோஸ், "பீடோர், பீடோர்" என்று கூவிக்கொண்டிருந்தான்.

அர்ச்சுனன் துண்டில் சுற்றிய பவுனுவைத் தோளில் சாய்த்தபடி வந்து பின்சீட்டில் ஏறினான். பன்னிரண்டு வெள்ளியை நீட்டினான்.

"நாலு இடமும் எனக்கேண்ணே."

"அடேயப்பா! லாட்டரி அடிச்சிருச்சா மச்சான்?"

"வார்டுல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுத்தாங்க. இவகூட வேற யாரும் ஏற மாட்டாங்கன்னு."

ஆம்புரோஸ் அப்போதுதான் துண்டைப் பார்த்தான். அது பவுனுவின் முகத்தையும் மூடியிருந்தது.

கூவுவதை நிறுத்தினான்.

மூன்று வெள்ளியை எடுத்துக்கொண்டு, மீதி ஒன்பதைத் திருப்பி நீட்டினான். அர்ச்சுனன் வாங்கவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்திருந்தான்.

ஆம்புரோஸ் அதைப் பக்கத்துச் சீட்டில் வைத்தான். காற்றில் பறந்துவிடாமலிருக்க, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றி அதன்மேல் போட்டான்.

கோப்பெங், கம்பார், தாப்பா. வழியில் எத்தனையோ பேர் கை காட்டினார்கள். வண்டி எங்கும் நிற்கவில்லை.

பீடோரில் இறங்கும்போதும் அந்த ஒன்பது வெள்ளியை இருவரில் யாரும் எடுக்கவில்லை.