மூடி கழற்றாத கேமரா

"ஓட்டையில கண்ண வெச்சுப் பாக்கிற கேமரா எங்களுக்கு வாணாம் தம்பி" என்றாள் ரத்தினம்மாள், கேமராக்கள் மேசைக்கு வந்து சேர்வதற்கு முன்பே.

கேமராவும் விற்கும் ஸ்டூடியோவின் உரிமையாளர் அபிநந்தன் சிரித்தார். "எல்லா எஸ்.எல்.ஆர். கேமராவுலயும் ஓட்டை இருக்கும்மா. அதுலதான் பாக்கணும்."

"வேற மாதிரியும் இருக்குதாம். எம் பையன் சொன்னான்."

மருமகள் அன்புக்கரசி பக்கத்தில் நின்றாள். சிங்கவரத்திலிருந்து பஸ் ஏறி வந்தது முதல், மாமியார் அவளுடைய வலத்தோளை உரசிக்கொண்டு, கைதியை அழைத்து வரும் காவலரைப் போலவே கூட வந்தாள்.

வெள்ளிக்கிழமை அனந்தபுரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. படம் எடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விழுப்புரத்தில் பயிற்சி முடித்திருந்த அன்புக்கரசிக்கு அந்த வேலையைத் தருவதாக அபிநந்தன் சொல்லியிருந்தார். கேமரா மட்டும் அவளுடையதாக இருக்க வேண்டும். அவளுக்கு அதுதான் முதல் வேலை.

அபிநந்தன் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்.

"ரெண்டுமே புதுசா எடுக்கிறவங்களுக்கானது. இது எடை கம்மி, பேட்டரி நாள் பூரா நிக்கும். ஸ்கிரீன் மட்டும் அசையாது. அதுல ஸ்கிரீனைக் கதவு மாதிரி விரிச்சுத் திருப்பலாம். ஆனா ஸ்கிரீனைப் பாத்தே எடுத்தா பேட்டரி சீக்கிரம் எறங்கிடும், ஃபோகஸும் மெதுவாத்தான் புடிக்கும். என்னைக் கேட்டா மொதல்ல சொன்னதுதான்."

"இப்ப, உள்ளுக்குள்ள கண்ணாடியே இல்லாத கேமரா வந்துட்டுதாமே?" ரத்தினம்மாள் இடைமறித்தாள்.

"வந்துட்டுது, மிரர்லெஸ்னு. வெல ஜாஸ்தி."

"இருந்த சாமானை எடுத்துட்டு வெலய ஏத்துறீங்களா? நல்லாருக்குது உங்க யாவாரம்!"

அபிநந்தன் அவளை விட்டுவிட்டு, எடை குறைந்த கேமராவை அன்புக்கரசியிடம் கொடுத்தார். அவள் அதை இடக்கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"இடக்கண்ணு வாணாம் சிஸ்டர், மூக்கு இடிக்கும். வலக்கண்ண வெச்சு, இடக்கண்ண மூடுங்க."

அவள் தயங்கினாள். பிறகு அப்படியே செய்தாள்.

"தெரியுதா?"

"தெரியுதுண்ணா."

"இன்னா தெரியுது?"

"ரோடு... பஸ்ஸு... எல்லாம் பளிச்சுனு தெரியுது."

அபிநந்தனின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. லென்ஸின் மூடி இன்னும் கழற்றப்படவில்லை. மூடி இருக்கும்போது அந்த ஓட்டையில் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"மூடியையே எடுக்கல சிஸ்டர். நீங்க விழுப்புரத்துல நெஜமாவே கத்துக்கிட்டீங்களா?"

அன்புக்கரசியின் முகம் வெளிறியது.

"வெள்ளிக்கிழமை வேலைய நான் யோசிச்சுத்தான் குடுக்கணும்" என்றார் அபிநந்தன்.

"அவள இன்னா மெரட்டுற?" ரத்தினம்மாள் கேமராவைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். "மூடியோட குடுத்தது நீ! அந்தக் கதவு மாதிரி விரியறதை எடு. ஓட்டைக்குள்ள இவ மட்டும் பாத்துக்கினா, எதைப் புடிக்கிறா, எவனைப் புடிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பக்கத்துல நின்னு பாக்கணும். இந்தக் காலத்துப் பொண்ணுங்கள நம்ப முடியுதா?"

கடைக்கு வந்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அன்புக்கரசி தலை நிமிரவில்லை.

இரண்டாவது கேமராவின் திரையை அபிநந்தன் விரித்துக் கொடுத்தார், இம்முறை மூடியைக் கழற்றி. அவள் அதை மார்புக்கு நேராகப் பிடித்து, வாசல் வழியே ஒரு படம் எடுத்தாள்.

அபிநந்தன் வாங்கிப் பார்த்தார். மேலே ராஜகிரிக் கோட்டை மலை. அதன் சரிவுக்கு இணையாகச் சாய்ந்து திரும்பும் பஸ். படிக்கட்டில் தொங்குபவனின் சட்டை காற்றில் உப்பியிருந்தது. கற்றுக்கொள்ளாத கையால் எடுக்க முடிந்த படம் அல்ல அது.

"வெள்ளிக்கிழமை நீங்களே போங்க சிஸ்டர்" என்றார்.

"சரி, சரி. வாசல்ல போயி நில்லு. செருப்ப எவனாவது போட்டுக்கினு போயிடப்போறான்" என்று ரத்தினம்மாள் அவளை விரட்டினாள்.

அவள் போனதும் அபிநந்தன் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "இன்னாம்மா இது? இவ்ளோ நல்லா எடுக்கிற பொண்ணைப் போயி நாலு பேரு எதிர்ல சந்தேகப்படலாமா?"

ரத்தினம்மாள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரல் தணிந்தது.

"அவளுக்கு வலக்கண்ணுல பார்வையே இல்ல தம்பி. மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டாங்க. வந்த புதுசுல, வலப்பக்கம் வெச்ச தண்ணிச் சொம்பையெல்லாம் தட்டி வுட்டுக்கினே இருந்தா. அதுலருந்து நான் இடப்பக்கமாத்தான் வெக்கிறேன்."

அபிநந்தன் மேசைமீது மூடியோடு கிடந்த முதல் கேமராவைப் பார்த்தார்.

"இருக்கிற ஒரு கண்ணையும் ஓட்டையில வெச்சுட்டா, விசேஷக் கூட்டத்துல எதுல முட்டிக்குவாளோ, எங்க வுழுவாளோ? அதான் அந்தக் கேமரா."

"இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அவ நிம்மதியா சோறு துன்றா. சந்தேகப்படுற மாமியாகூட குடும்பம் நடத்திடலாம் தம்பி. பாவம் பாக்குற மாமியாகூட முடியாது."

ரத்தினம்மாள் பணத்தைக் கொடுத்துவிட்டு, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னாடி, ரோட்டையே பாத்துக்கினு நிக்கிற? எவனைத் தேடுற?" என்று தெருவே கேட்க அதட்டியபடி, மருமகளைச் சுற்றிக்கொண்டு போய், அவளுடைய வலப்பக்கத்தில் நின்றுகொண்டாள்.