கூப்பிட்ட பேர்

"உங்களத்தான் கூப்பிடுதாவ, அண்ணாச்சி. நாலு நாளா வேற பேச்சே கெடையாது."

டீக்கடை உண்ணி பாய்லரிலிருந்து கையை எடுத்தான். எதிரே நின்ற முருகம்மாள் இந்தக் கடைப் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவள் புருஷன் பூதத்தான் தாராவித் தோல் மண்டியில் சுமைக்காரன். கசாப்புக்கூடத்திலிருந்து ஈரம் காயாமல் வரும் ஆட்டுத்தோல் கட்டுகளைத் தலையில் சுமந்து இறக்குவான். அவனும் உண்ணியும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள். அறுபத்திரண்டாம் வருஷம், மழைக்காலத்தில் ஒரு நாள், வாடையடிக்கிறது என்று மற்றவர்கள் முகம் சுளித்ததால் உண்ணி அவனை வெளியே நின்று டீ குடிக்கச் சொன்னான். கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனவன்தான்.

"எம் பேரையா? சரியாக் கேட்டியா, தங்கச்சி?"

"உண்ணி, உண்ணின்னுதான் பொலம்புதாவ. அந்தப் பேருல வேற யாரு இருக்கா?"

உண்ணி அடுப்பை அணைக்காமலே கிளம்பினான்.

வீட்டில் பூதத்தான் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பக்கத்தில் மாட்டுங்கா டாக்டர் அனந்தநாராயணன். அம்மை இல்லை, மலேரியாவும் இல்லை என்றார்.

"எதனால வந்ததுன்னே தெரியலை. எந்த மருந்தைக் குடுக்கறது? இன்னும் ஒரு நாள் இப்படியே போனா உடம்பு தாங்காது."

முருகம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

உண்ணி பாயில் அமர்ந்து பூதத்தானின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தோல் வாடை அடித்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"வந்துட்டேண்டா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எத்தனை தடவை உன் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன், தெரியுமா?"

பூதத்தானின் உதடு அசைந்தது. "உண்ணி..."

"இங்கதான் இருக்கேன்."

"உண்ணி..."

கை மெல்ல எழுந்தது. தன்னைத் தேடுகிறான் என்று உண்ணி விரலை நீட்டினான். அந்தக் கை அவன் விரலைத் தாண்டிப் போய், காதுக்குப் பின்னால் சொறிந்தது.

உண்ணி குனிந்து முடியை விலக்கினான். கறுத்துப்போன புண். அதில் வாயைப் பதித்து, ரத்தம் குடித்துத் துவரை அளவுக்கு உப்பிக் கிடந்தது ஒரு பூச்சி.

 மடியிலிருந்த தலையை இறக்காமலே சொன்னான்:

"அவன் கூப்பிட்டது என்னையில்ல, டாக்டர். இங்க பாருங்க, ஆட்டு உண்ணி."