விரிசல் தேதி

பெற்றவர்களைப் போய்ப் பார்க்கவும் கம்ப்யூட்டரிடம் உத்தரவு கேட்கிற காலமாகிவிட்டது என்று மாசிலாமணிக்கு எரிச்சல். நாற்பது வருடம் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிச் சோதித்தபடி ரயில் பாதையில் நடந்தவர் அவர். தண்டவாளம் என்றைக்கு விரிசல் விடும் என்று கணித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் மகள் தமிழரசி. இப்போது அந்தக் கணக்கை மனிதர்களுக்கும் போட்டு, யார் எப்போது சாவார் என்று சொல்கிறார்கள்.

“பொங்கலுக்கு வர்றியாம்மா?” என்று போனில் கேட்டார்.

“உங்களுக்கு இன்னும் ஒன்பது வருஷம் ஒண்ணும் ஆகாதுப்பா. மாமனாருக்குத்தான் மாசியில காட்டுது. அங்க போறோம்.”

“நல்ல தண்டவாளத்தையும் நாங்க தினம் நடந்துதாண்டி பார்த்தோம்.”

“இப்பதான் யாரும் நடக்க வேண்டியதில்லையேப்பா!” என்று சிரித்தாள்.

“ஒன்பது வருஷமாம்! கிழிச்சாங்க” என்று முனகியவர், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.