ஆரஞ்சு நிற நீச்சலுடை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, துணிக்கடையில் பார்த்த ஒரு கதை சொல்கிறேன். குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு தாய் நிற்கிறாள். ஐந்து வயது மகள் நீல நீச்சலுடை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். "இதுதான்மா வேணும்." உடையை முக்கிப் பார்க்கத் தாய் கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்கிறாள். "முக்கினா வாங்கித்தான் ஆகணும், சொல்லிட்டேன்" என்று சிரித்தபடி அவர் நீல வாளியைக் கொண்டுவந்து வைக்கிறார். அவள் அந்த உடையை அமிழ்த்துகிறாள். நீலத்தில் நீலம் கரைந்துபோகிறது. "பாத்தியா, காணோம்." அடுத்து ஆரஞ்சு நிற உடை, வாளியின் அடியிலும் தணல் மாதிரி தெரிகிறது. "அய்யே, இதா? அண்ணன் மட்டும் நீலம் போட்டானே!" தாயின் கை தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. "ஆமாடி. அதான் அவன் நீச்சல் குளத்துல முங்கிப்போனது, கரையில நின்ன எனக்கே தெரியல." கடைக்காரரின் சிரிப்பு போய்விடுகிறது. "வளர்ற பிள்ளைம்மா, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க" என்கிறார் மெல்ல. "வேணாண்ணே, தொளதொளன்னா நீந்த முடியாது. இப்போ அளவா இருக்கிறதையே குடுங்க. அடுத்த வருஷம் பத்தலைன்னா ஓடி வந்து வாங்கிக்கிறேன்." அவள் கையில் ஈர ஆரஞ்சு உடை தரையில் சொட்டுகிறது. கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வளர்ந்து உடுப்பெல்லாம் பத்தாமல் போகட்டும்.