பழுப்புக் கடல் பிறந்த கதை

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு ஒரே உதறல். நானோ சுவரில் பூச்சி பிடித்துப் பிழைக்கும் பல்லி. என்னைப் போய் வரலாறு சொல்ல மேஜைக்கு இறங்கி வரச் சொன்னார்கள்.

மேஜையில் ஒரு விளையாட்டு விரிந்திருந்தது. தாளில் வரைந்த உலகம். மலை, காடு, நடுவில் பழுப்பாக ஒரு கடல். அந்த உலகத்தை ஆண்ட காய்கள் இரண்டு, ஒரு டிராகனும் ஓர் அரக்கனும். கடலைப் படைத்தவருக்கே உலகம் சொந்தம் என்று இருவருக்கும் தகராறு.

“மக்கள் படும் பாட்டைப் பார்த்து நான் விட்ட கண்ணீர் அது” என்றது டிராகன்.

“வெங்காயம் உரித்திருப்பாய். அது நான் கோடாரியால் வெட்டிய ஊற்று” என்றான் அரக்கன். “ஏய் பல்லி, மேலேயிருந்து பார்த்தவள் நீதானே, சொல்லடி! மாற்றிச் சொன்னால் தலை இருக்காது.”

பார்த்தேன்தான். விளையாட வந்த ஆள் முழங்கையால் டீ டம்ளரைத் தட்டிவிட்டார். சிருஷ்டி அவ்வளவுதான். துடைக்கச் சோம்பல்பட்டு, “இது ஆதிகாலத்துக் கடல்” என்று பெயரும் வைத்துவிட்டார்.

டிராகனைச் சொன்னால் கோடாரி. அரக்கனைச் சொன்னால் நெருப்பு. டீயைச் சொன்னால் இரண்டும்.

“என்னடி முழிக்கிறாய்?” என்று டிராகன் நெருங்கியது.

வாலைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டேன். கீழே வால் துடித்துக்கொண்டிருந்தது. டிராகன் கேட்டதற்கும் ஆடியது, அரக்கன் கேட்டதற்கும் ஆடியது. “விஷயம் தெரிந்தவள்!” என்று இருவரும் அதைக் கும்பிட்டார்கள்.